கொல்லமும் கீவும்: கீழைக் கிறிஸ்தவத்தின் இரு கிளைகள்

பொன்னமராவதியிலிருந்து நேர் வடக்கே சென்றால் கொடும்பாளூர் வரும். இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர் ஆண்ட பழம்பதி அது. மூவர் கோயில் என்று நாம் இன்று போற்றும் கற்றளிகள் அங்கேதான் உள்ளன. அவ்வூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. ‘கொடும்பாளூர் மணிக்கிராமத்தார்’ என்று ஒரு வணிகர் கூட்டத்தாரைக் கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. மணிக்கிராமம் என்பது அந்நாளைய வணிகர் சங்கங்களுள் ஒன்று. கடல் கடந்த சயாம் நாட்டுத் தக்குவாபாவில் கிடைத்துள்ள ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டப்பட்ட ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதாகக் கூறுகிறது. பொன்னமராவதியைச் சூழ்ந்த நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மக்கள் கப்பலேறியது பிற்காலத்து நிகழ்ச்சி. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சீமையின் பெயர் கடல் வாணிபத்தோடு பிணைந்திருந்தது.

மணிக்கிராமம் என்னும் அதே பெயரை மேற்குக் கடற்கரையிலும் நாம் காண்கிறோம். 849ஆம் ஆண்டில், வேணாட்டை ஆண்ட ஐயனடிகள் திருவடிகள், கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவக் கோயிலுக்கு நிலமும் குடிகளும் வரிவிலக்கும் அளித்துச் செப்பேடு வழங்கினார். சேரப் பெருமான் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில் எழுந்தது அச்செப்பேடு. கோயிலைக் கட்டியவர் மருவான் சபீர் ஈசோ என்னும் வணிகத் தலைவர். அந்தக் கொடைக்கும் கோயிலுக்கும் காவலாக அஞ்சுவண்ணத்தாரும் மணிக்கிராமத்தாரும் நியமிக்கப்பட்டனர். ஆவணத்தின் மொழி அந்நாளில் மேற்குக் கரையில் வழங்கிய தமிழ்; எழுத்து வட்டெழுத்து. சாட்சிகளின் கையொப்பங்களோ மூன்று அயல் எழுத்துக்களில் உள்ளன. முஸ்லிம்கள் அரபு எழுத்திலும், கிறிஸ்தவர்களும் பார்சிகளும் பகலவி எழுத்திலும், யூதர்கள் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். இந்து மன்னன் ஒருவன் கிறிஸ்தவக் கோயிலுக்கு அளித்த கொடைக்குப் பல சமயத்தாரும் சாட்சி நின்றனர் என்பதை மாணவர்கள் கருத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இச்செப்பேடு எழுந்த 14 ஆண்டுகளுக்குப் பின், 863இல், பல்லாயிரம் கல் தொலைவில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. கிரேக்க நாட்டுச் சகோதரர் இருவர், ஸ்லாவிய மொழிக்கென்று புதிதாக ஓர் எழுத்தை வகுத்துக்கொண்டு, இன்றைய செக்கு நாட்டுப் பகுதியாகிய மொரேவியாவுக்குப் புறப்பட்டனர். கொல்லத்துக் கிறிஸ்தவர்களும் மொரேவியாவின் ஸ்லாவியரும் ஒருவரையொருவர் அறிந்ததில்லை. ஆயினும் இரு சாராரும் கிறிஸ்தவத்தின் கீழைக் கிளைகளைச் சேர்ந்தவர்கள். இரு சாராரையும் இரண்டு கேள்விகள் பல நூற்றாண்டுகள் வருத்தின. எந்த மொழியில் கடவுளை வழிபடுவது? எங்கள் குருமார்களின் தலைவரை நியமிக்கும் உரிமை யாருக்கு? இவ்விரு கேள்விகளும் ஸ்லாவியரை எங்கே கொண்டு சேர்த்தன, நம் அண்டை நாடாகிய மலையாளத்தை எங்கே கொண்டு சேர்த்தன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பிளவின் தோற்றத்தைப் பார்ப்போம். கிறிஸ்தவம் ரோமானியப் பேரரசின் கிழக்குப் பகுதியில் பிறந்தது. அதன் முதல் நூல்கள் கிரேக்க மொழியில் எழுந்தன. கான்ஸ்டண்டைன் சக்கரவர்த்தி 325இல் நிசேயா என்னும் ஊரில் பிஷப்புகளின் பொதுச் சங்கத்தைக் கூட்டினார். ரோமாபுரி, அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம் ஆகிய நகரங்களும், அச்சக்கரவர்த்தியின் பெயரால் எழுந்த கான்ஸ்டாண்டிநோபிளும் காலப்போக்கில் ஐந்து தலைமைப் பீடங்களாக மதிக்கப்பட்டன. ஆனால் பேரரசின் எல்லைக்கு வெளியிலும் கிறிஸ்தவர்கள் இருந்தனர். பாரசீக நாட்டுக் கிறிஸ்தவர்கள் சுரியானி மொழியில் வழிபட்டனர். அவர்களுடைய அரசனோ ரோமானியரின் பரம்பரைப் பகைவன். பகைவனின் தலைநகருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற ஐயத்திற்கு இடங்கொடுத்தால் அவர்கள் தம் நாட்டில் வாழ முடியாது. ஆகவே ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் தமக்கென்று ஒரு தலைவரை ஏற்படுத்திக்கொண்டனர்.

அதே நூற்றாண்டில் கொள்கைப் பூசலும் மூண்டது. இயேசு கிறிஸ்துவில் தெய்வத் தன்மையும் மனிதத் தன்மையும் எவ்வாறு இணைந்துள்ளன என்பதே வாதம். 431இல் எபேசு நகரில் கூடிய சங்கம் நெஸ்தோரியஸ் என்னும் கான்ஸ்டாண்டிநோபிள் தலைமைக் குருவைக் கண்டித்தது. பாரசீகத் திருச்சபை அத்தீர்ப்பை ஏற்கவில்லை. 451இல் கால்சிடன் நகரில் கூடிய சங்கம் ‘இரண்டு தன்மைகள், ஓர் ஆள்’ என்று வரையறுத்தது. எகிப்தியரும், சிரியா நாட்டவரில் பெரும் பகுதியினரும், ஆர்மீனியரும் அதை ஏற்கவில்லை. எனவே கிறிஸ்தவ உலகின் முதற் பெரும் பிளவு ரோமாபுரிக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் இடையே நிகழ்ந்ததன்று. கிரேக்கமும் லத்தீனும் ஒரு பக்கம் நிற்க, சுரியானியும் கோப்தும் ஆர்மீனியமும் மறுபக்கம் நின்ற பிளவு அது. கொள்கை வேறுபாடு பொய்யன்று. அதற்காக உயிரை விட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த வேறுபாடு பெரும்பாலும் மொழியின் எல்லைகளை ஒட்டியே சென்றது என்பதையும் மறுக்க முடியாது.

இந்தியாவின் மேற்குக் கரைக் கிறிஸ்தவர்கள் பாரசீகத் திருச்சபையோடு உறவு பூண்டவர்கள். தோமையார் என்னும் சீடர் முதல் நூற்றாண்டில் இங்கு வந்து, மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்பது அவர்களுடைய தொன்மையான மரபு. வரலாற்றுச் சான்று தெளிவாகக் கிடைப்பது ஆறாம் நூற்றாண்டிலிருந்து. அந்நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர், மிளகு விளையும் மலை நாட்டில் கிறிஸ்தவர்கள் இருப்பதையும், பாரசீகத்தில் பட்டம் பெற்ற பிஷப் ஒருவர் இந்தியாவில் இருப்பதையும் குறித்துள்ளார். சென்னைப் பரங்கிமலையிலும் கோட்டயத்திலும் பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவைகள் உள்ளன. அவர்களுடைய வழிபாட்டு மொழி சுரியானி. பிஷப் பாரசீகத்திலிருந்து கப்பலில் வருவார். நாட்டுக் காரியங்களைக் கவனிப்பவரோ இந்நாட்டவரேயான அர்க்கதியாக்கோன் என்னும் தலைவர். தொலைவிலுள்ள தலைமை பெயருக்கு ஆள, அருகிலுள்ள தலைமை உண்மையில் ஆண்டது. இவ்வேற்பாடு பல நூற்றாண்டுகள் பூசலின்றி நடந்தது.

இனி ஸ்லாவியரிடம் செல்வோம். மொரேவியாவின் அரசன் ராஸ்திஸ்லாவ், ஜெர்மானியக் குருமார்களின் செல்வாக்கு தன் நாட்டில் ஓங்குவதைக் கண்டான். குருமார்களைத் தொடர்ந்து ஜெர்மானிய அரசனின் ஆணையும் வரும் என்பதை அவன் உணர்ந்திருந்தான். ஆகவே, தன் மக்களின் மொழியிலேயே போதிக்கவல்ல ஆசிரியரை அனுப்புமாறு கான்ஸ்டாண்டிநோபிள் சக்கரவர்த்தி மூன்றாம் மைக்கேலை வேண்டினான். தெசலோனிக்கா நகரத்துச் சகோதரர்களான கான்ஸ்டண்டைனும் மெத்தோடியஸும் அனுப்பப்பட்டனர். அவர்களுடைய ஊரைச் சுற்றி ஸ்லாவியர் வாழ்ந்ததால் அம்மொழியை அவர்கள் நன்கறிந்திருந்தனர். கான்ஸ்டண்டைனே பிற்காலத்தில் சிரில் என்னும் துறவுப் பெயர் பெற்றவர். அவர் வகுத்த எழுத்து ‘கிளாகோலித்து’ எனப்பட்டது. அவ்வெழுத்தில் நற்செய்தி நூலும் வழிபாட்டு நூல்களும் மொழிபெயர்க்கப்பட்டன. எழுத்தே இல்லாதிருந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு எழுத்தும் இலக்கியமும் சமயமும் ஒரே நாளில் வந்தன எனலாம்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. எபிரேயம், கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளிலன்றிக் கடவுளைத் துதித்தலாகாது என்று லத்தீன் குருமார் சிலர் வாதாடினர். வெனிஸ் நகரில் சிரில் அவர்களோடு வாதிட்டதை அவருடைய பழைய சரித்திரம் விவரிக்கிறது. மழையும் வெயிலும் எல்லா மக்களுக்கும் பொதுவாயிருக்க, துதிமொழி மட்டும் மூவருக்கு உரியதாவது எப்படி என்பதே அவருடைய வாதத்தின் சாரம். ஆர்மீனியரும் பாரசீகரும் சிரியா நாட்டவரும் தத்தம் மொழியில் வழிபடுவதையும் அவர் எடுத்துக் காட்டினாராம். ரோமாபுரியில் போப்பாண்டவர் இரண்டாம் ஆட்ரியன் ஸ்லாவிய வழிபாட்டுக்கு இசைவு தந்தார். இஃது கருதத்தக்க செய்தி. அப்போது திருச்சபை இன்னும் இரண்டாகவில்லை. கான்ஸ்டாண்டிநோபிள் அனுப்பிய ஆசிரியரை ரோமாபுரி வாழ்த்தி ஏற்ற காலம் அது.

சிரில் 869இல் ரோமாபுரியிலேயே காலமானார். மெத்தோடியஸ் ஜெர்மானியப் பிஷப்புகளால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறை வைக்கப்பட்டார். 885இல் அவர் இறந்ததும் அவருடைய மாணாக்கர்கள் மொரேவியாவிலிருந்து விரட்டப்பட்டனர். முயற்சி தோற்றது போலவே தோன்றியது. ஆனால் துரத்தப்பட்ட மாணாக்கர்களைப் பல்கேரிய மன்னன் போரிஸ் வரவேற்றான். போரிஸ் 864ஐ ஒட்டி ஞானஸ்நானம் பெற்றவன்; சூழ்ச்சி அறிந்தவன். தன் நாட்டுக்குத் தனித் தலைவர் வேண்டும் என்று கான்ஸ்டாண்டிநோபிளைக் கேட்டான்; அது தயங்கவே போப்பாண்டவரை நாடினான்; அவரும் தயங்கவே மீண்டும் கிழக்கே திரும்பினான். கிளமெந்து, நாவும் முதலிய மாணாக்கர்கள் அங்கு ஆயிரக்கணக்கானவர்களைப் பயிற்றினர். கிரேக்க எழுத்தைத் தழுவிய எளிய எழுத்து ஒன்றும் பல்கேரியாவில் உருவாயிற்று. ஆசிரியரின் நினைவாக அதனைச் ‘சிரிலிக்கு’ என்றனர். இன்று ருஷியரும் உக்ரேனியரும் பல்கேரியரும் செர்பியரும் எழுதுவது அவ்வெழுத்தே.

பல்கேரியாவிலிருந்து நூல்கள் வடக்கே சென்றன. கீவ் நகரத்து அரசன் விளாதிமிர் 988இல் ஞானஸ்நானம் பெற்றான். அவன் பல நாடுகளுக்குத் தூதரை அனுப்பிச் சமயங்களைச் சோதித்தான் என்றும், கான்ஸ்டாண்டிநோபிளின் பெருங்கோயிலில் கண்ட வழிபாட்டின் எழிலில் தூதர்கள் தம்மை மறந்தனர் என்றும் ருஷிய நாட்டுப் பழைய வரலாறு கூறுகிறது. அழகிய கதை. அதன் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டிய அரசியல் காரணமும் உண்டு. கிளர்ச்சியால் நெருக்குண்டிருந்த சக்கரவர்த்தி இரண்டாம் பேசிலுக்கு விளாதிமிர் படை உதவி தந்தான். கைம்மாறாகச் சக்கரவர்த்தியின் தங்கை அன்னாவை மணந்தான். அரசன் மாறினான், மக்கள் ஆற்றில் இறங்கினர். எல்லோரும் மனமுவந்து இறங்கினர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் வேர் பிடித்த சமயம் மக்களின் மொழியில் இருந்தமையால், ஓரிரு தலைமுறைகளுக்குள் அது அவர்களுடைய சொந்தமாயிற்று.

இதற்கு 66 ஆண்டுகளுக்குப் பின்னர்தான் பாடநூல்கள் கூறும் பெரும் பிளவு நிகழ்ந்தது. 1054 ஜூலை 16ஆம் நாள், போப்பாண்டவரின் தூதரான ஹம்பர்ட்டு, கான்ஸ்டாண்டிநோபிள் பெருங்கோயிலின் பலிபீடத்தின்மீது சபைவிலக்குப் பத்திரத்தை வைத்துவிட்டு வெளியேறினார். தலைமைக் குருவாகிய மைக்கேல் செருலாரியஸ் பதிலுக்குத் தூதரை விலக்கினார். பூசைக்குப் புளித்த மாவில் அப்பம் செய்வதா, புளியாத மாவிலா என்பது ஒரு வழக்கு. தூய ஆவி பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்துமா என்பது மற்றொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது போப்பாண்டவரின் அதிகாரம் எவ்வளவு என்னும் கேள்வி. விந்தை என்னவெனில், தூதரை அனுப்பிய போப்பாண்டவர் ஒன்பதாம் லியோ அதற்கு மூன்று மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். அன்று இரு தரப்பிலும் இதைப் பெரும் பிளவு என்று எண்ணியவர் சிலரே. 1204இல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைக் கொள்ளையிட்டபோதுதான் புண் ஆறாப்புண் ஆயிற்று.

அன்று முதல் ஸ்லாவியரும் இரு பிரிவாயினர். போலந்து 966இல் லத்தீன் வழியில் கிறிஸ்தவம் தழுவியது. செக்கரும் குரோவாட்டியரும் அவ்வழியே நின்றனர். பல்கேரியரும் செர்பியரும் ருஷியரும் கிழக்கு வழியில் நின்றனர். செர்பியரும் குரோவாட்டியரும் பேசும் மொழிகள் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஒருவர் சிரிலிக்கு எழுத்தையும் மற்றவர் லத்தீன் எழுத்தையும் தம் அடையாளமாகக் கொண்டனர். கீழைத் திருச்சபையில் ஒவ்வொரு நாடும் காலப்போக்கில் தன் தலைவரைத் தானே பெறும் வழக்கமும் வளர்ந்தது. செர்பியா 1219இலும், மாஸ்கோ 1589இல் தலைமைப் பீடமாகவும் அவ்வுரிமையைப் பெற்றன.

மாஸ்கோ தன் தலைமையைப் பெற்றதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, மலையாள நாட்டுக் கிறிஸ்தவர்கள் தம் தலைமையை இழந்தனர். போர்ச்சுகீசியர் 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தபோது, இங்கே கிறிஸ்தவர்களைக் கண்டு முதலில் மகிழ்ந்தனர். ஆனால் இவர்கள் போப்பாண்டவரின் ஆணையின்கீழ் வாழ்ந்து பழகியவர்கள் அல்லர். இவர்களுடைய வழிபாடு சுரியானி. பிஷப் வருவது பாரசீகத் திருச்சபையிடமிருந்து. இவை போர்ச்சுகீசியருக்கு உகக்கவில்லை. கடல் வழிகள் அவர்கள் கையில் இருந்தபடியால், கிழக்கிலிருந்து பிஷப் வருவதைத் தடுப்பது எளிதாயிற்று. கடைசியாக வந்த மார் ஆபிரகாம் 1597இல் இறந்தார். 1599 ஜூன் 20 முதல் 26 வரை, கோவா ஆர்ச்பிஷப் மெனேசிஸ் கொச்சிக்கு அருகிலுள்ள உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். பாரசீகத் தலைவரோடு இருந்த உறவு அறுக்கப்பட்டது. நெஸ்தோரியஸின் கொள்கை கலந்தவை எனக் கருதப்பட்ட சுரியானி ஏடுகள் திருத்தப்பட்டன; பல எரிக்கப்பட்டன. ஏடுகளை ஆற்றிலும் நெருப்பிலும் இட்ட கதைகளைத் தமிழர்களாகிய நாமும் கேட்டிருக்கிறோம். என்ன இருந்தது என்று அறிய முடியாதபடி ஒழிந்த நூல்களைப் பற்றிய துயரம் எந்தச் சமயத்தாருக்கும் ஒன்றே.

இவ்விடத்தில் ஒரு நியாயமும் கூறவேண்டும். ஐரோப்பியப் பாதிரிமார் எல்லோரும் மொழியை அழித்தவர்கள் அல்லர். 1578இல் அதே கொல்லத்தில்தான் அண்டிரிக் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி தமிழிலேயே எழுதினார். சிரில் ஸ்லாவியருக்குச் செய்ததை ஒத்த பணி அது. தமிழ்நாட்டில் புதிதாகக் கிறிஸ்தவரானவர்களிடம் அவர்கள் மொழியில் பேசினர். மலையாள நாட்டில் நெடுங்காலமாகக் கிறிஸ்தவராயிருந்தவர்களிடமோ, அவர்களுடைய மரபைத் திருத்த முனைந்தனர். ஒரே கூட்டத்தாரின் செயல் ஓரிடத்தில் உறவையும் மற்றோரிடத்தில் பகையையும் விளைத்ததன் காரணம் இதுவே.

பகை 54 ஆண்டுகள் கனன்று 1653இல் வெடித்தது. அதற்கு முந்திய ஆண்டில் அகத்தல்லா என்னும் கீழை நாட்டுப் பிஷப் மயிலாப்பூருக்கு வந்தார். போர்ச்சுகீசியர் அவரைக் காவலில் வைத்தனர். தோமையார் கல்லறையைத் தரிசிக்க வந்திருந்த மலையாளத்து இளங்குருமார் வாயிலாக அவர் ஊருக்குக் கடிதம் அனுப்பினார். அவரை ஏற்றிய கப்பல் கொச்சிக்கு வந்தபோது, தம் பிஷப்பைக் காட்டுமாறு மக்கள் கடற்கரையில் திரண்டு வேண்டினர். கப்பல் நில்லாமல் கோவாவுக்குச் சென்றது. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டனர் என்ற செய்தி பரவியது. 1653 ஜனவரி 3ஆம் நாள், மட்டாஞ்சேரிக் கோயிலின் முன்னிருந்த சிலுவையைத் தொட்டு மக்கள் ஆணையிட்டனர். எல்லோருக்கும் சிலுவை எட்டவில்லையாதலால் அதில் கயிறு கட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டனர் என்றும், இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்றும் கூறுவர். ‘கூனன் குரிசுச் சத்தியம்’ என்று இதற்குப் பெயர். ஏசு சபையாருக்கு மட்டும் கீழ்ப்படியோம் என்பதே ஆணை என்கின்றனர் ஒரு சாரார். ரோமாபுரியின் ஆட்சியையே துறந்த ஆணை என்கின்றனர் மற்றொரு சாரார். பிற்கால ஆராய்ச்சியின்படி அகத்தல்லா மூழ்கடிக்கப்படவில்லை. அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, ரோமாபுரிக்குச் செல்லும் வழியில் பாரிசில் இறந்தார். ஆனால் வதந்தி பொய்யாயினும், அதை நம்பச் செய்த மனக்கசப்பு பொய்யன்று.

அதே 1653ஆம் ஆண்டில் மாஸ்கோவில் நடந்ததைக் கேளுங்கள். தலைமைக் குரு நிக்கோன், சிலுவை அடையாளம் இடும்போது இரண்டு விரல்களைச் சேர்க்கும் ருஷிய வழக்கத்தை விட்டு, கிரேக்கரைப் போல் மூன்று விரல்களைச் சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டார். வழிபாட்டு நூல்களின் சொற்களும் கிரேக்க மூலத்துக்கிணங்கத் திருத்தப்பட்டன. பழைய வழக்கத்தை விடமாட்டோம் என்றவர்கள் 1666-67ஆம் ஆண்டுச் சங்கத்தில் சபிக்கப்பட்டனர். அவர்களுடைய தலைவர்களுள் ஒருவரான அவ்வாக்கும் 1682இல் எரிக்கப்பட்டார். மாணவர்கள் சிலர், விரல்களின் எண்ணிக்கைக்காகவா உயிர் விடுவது என்று நகைக்கலாம். திருமண்காப்பின் வடிவத்துக்காகவும், எந்தப் பாசுரத்தை யார் முதலில் ஓதுவது என்பதற்காகவும் வடகலையாரும் தென்கலையாரும் நீதிமன்றப் படி ஏறிய நாட்டில் நாம் நகைப்பதற்கில்லை. சிறிய அடையாளத்துக்குள் பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும். எம் முன்னோர் செய்தது தவறென்று கூறும் உரிமை உமக்கு யார் தந்தது என்பதே அக்கேள்வி.

மலையாளத்துப் பிளவின் பின்விளைவுகளைச் சுருங்கச் சொல்வோம். 1653 மே மாதம் ஆலங்காட்டில் 12 குருமார் கைவைத்து, அர்க்கதியாக்கோன் தோமாவை முதலாம் மார் தோமா என்று பிஷப்பாக்கினர். பிஷப்பின் கை இல்லாத பட்டம் செல்லுமா என்ற ஐயம் விரைவில் எழுந்தது. போப்பாண்டவர் அனுப்பிய கார்மேல் சபைக் குருமார் பலரைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது, வெளியேறுமுன் அவர்கள் இந்நாட்டவரான பறம்பில் சாண்டியைப் பிஷப்பாக்கினர். 1665இல் சிரியாவின் அந்தியோக்கியத் திருச்சபையைச் சேர்ந்த மார் கிரிகோரியோஸ் வந்து மார் தோமாவின் பக்கத்தாரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். ரோமாபுரியோடு நின்றவர்கள் ‘பழைய கூற்றார்’ என்றும், அந்தியோக்கியாவோடு சேர்ந்தவர்கள் ‘புதிய கூற்றார்’ என்றும் பெயர் பெற்றனர்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். புதிய கூற்றாரின் வழிவந்த திருச்சபைக்கும் ‘ஆர்த்தடாக்ஸ்’ என்று பெயர். ருஷியத் திருச்சபைக்கும் அதுவே பெயர். சொல் ஒன்று, சபை ஒன்றன்று. ருஷியர் 451ஆம் ஆண்டுச் சங்கத்தை ஏற்றவர்கள். 1054இல் ரோமாபுரியிடமிருந்து பிரிந்த பிரிவினர். சிரியா, எகிப்து, எத்தியோப்பியா, ஆர்மீனியா ஆகிய நாடுகளோடு சேர்ந்த மலங்கரையாரோ 451ஐ ஏற்காதவர்கள். மேலும் ஒரு விந்தை: பாரசீகத் திருச்சபையும் அந்தியோக்கியத் திருச்சபையும் கொள்கையில் எதிரெதிர்த் துருவங்கள். மலையாள மக்கள் ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்குச் சென்றது நுண்ணிய கொள்கை ஆராய்ச்சியினால் அன்று. தம் சுரியானி வழிபாட்டைக் காத்துக்கொள்ளவும், செல்லுபடியாகும் பிஷப் ஒருவரைப் பெறவும் அவர்கள் நாடினர். நம் இரண்டு கேள்விகளே மீண்டும் வந்து நிற்கின்றன.

மொழிக் கேள்வி அத்தோடு முடியவில்லை. சுரியானி புனிதமாயிருந்ததே ஒழிய மக்களுக்கு விளங்கவில்லை. 1836இல் மாராமண் ஊரில் ஆபிரகாம் மல்பான் மலையாளத்தில் வழிபாடு நடத்தினார். ஆங்கிலப் பாதிரிமாரின் சீர்திருத்தக் கருத்துக்களும் அவரிடம் படிந்திருந்தன. அவ்வியக்கத்திலிருந்து மார்த்தோமா சபை கிளைத்தது. 1889ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் நீதிமன்றத் தீர்ப்பு அதனைத் தனிச் சபையாக்கிவிட்டது. கத்தோலிக்கப் பழைய கூற்றாரும் 1962இல் மலையாளத்தில் பூசை செய்யத் தொடங்கினர். ஸ்லாவியரிடத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். சிரிலின் காலத்தில் எளிய மக்கள் மொழியாயிருந்த ஸ்லாவியம் கோயிலுக்குள் மாறாமல் நிற்க, வெளியே பேச்சு மொழி மாறிச் சென்றது. இன்று ருஷியக் கோயிலில் ஓதப்படும் பழைய மொழி பாமர ருஷியருக்கு எளிதில் விளங்குவதில்லை. மக்களுக்கு அருகில் வந்த மொழியே காலத்தால் மக்களிடமிருந்து விலகிவிடுகிறது.

அதிகாரக் கேள்வியும் முடியவில்லை. 1912இல் மலங்கரையில் கதோலிக்கோஸ் என்னும் தலைமைப் பீடம் நிறுவப்பட்டது. அந்தியோக்கியத் தலைவருக்குக் கட்டுப்பட வேண்டுமா, வேண்டாமா என்று இரு கட்சிகள் தோன்றின. 1958இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பை அடுத்து இரு கட்சியாரும் இணைந்தனர். 1970களில் மீண்டும் பிரிந்தனர். 1995இலும் 2017இலும் உச்சநீதிமன்றம் மறுபடி தீர்ப்புக் கூற வேண்டியதாயிற்று. ஒரே ஊரில், ஒரே மரபில், ஒரே மொழியில் வழிபடும் உறவினர் எந்தக் கோயிலில் தம் இறந்தோரை அடக்கம் செய்வது என்று வழக்காடும் நிலை துயரமானது. கோயிலின் சாவி யார் கையில் என்பது தொலைவிலிருந்து பார்ப்போர்க்குச் சிறிய செய்தி. அக்கோயில் முற்றத்தில் தாத்தா பாட்டியைப் புதைத்தவர்க்கு அது சிறியதன்று.

பிளவுகள் என்றும் அப்படியே நிற்பதுமில்லை. 1054ஆம் ஆண்டுச் சபைவிலக்குகளை 1965 டிசம்பர் 7ஆம் நாள் போப்பாண்டவர் ஆறாம் பவுலும் கான்ஸ்டாண்டிநோபிள் தலைமைக் குரு அதெனகோரஸும் நீக்கினர். 911 ஆண்டுகள் சென்றிருந்தன. இரண்டு விரல் வழக்கத்தார்மீது இட்ட சாபத்தை ருஷியத் திருச்சபை 1971இல் நீக்கியது. 451ஐ ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் 1964இல் டென்மார்க்கு நாட்டு ஆர்ஹஸ் நகரில் கூடி, பல நூற்றாண்டுகள் வெவ்வேறு சொற்களால் ஒரே நம்பிக்கையைத்தான் கூறிவந்தோம் என்று கண்டனர். அக்கூட்டத்தில் மலங்கரை அறிஞர்களும் பங்குகொண்டனர் என்பது நமக்குப் பெருமை. ஆயினும் சாபத்தை நீக்குவது ஒரு நாளில் முடியும். பிரிந்தவர்கள் சேர்வது அவ்வளவு எளிதன்று. இச்சபைகள் இன்னும் ஒன்றாகவில்லை.

நேயர்களே! நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். 849இல் எழுந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் இன்றும் உள்ளன. அவை ஓரிடத்தில் இல்லை. ஒரு பகுதி கோட்டயத்தில் ஆர்த்தடாக்ஸ் சபையாரிடமும், மற்றொரு பகுதி திருவல்லாவில் மார்த்தோமா சபையாரிடமும் இருக்கின்றன. சபை பிரிந்தபோது செப்பேடும் பிரிந்தது. ஒரு பகுதியை மட்டும் படித்தால் கொடையின் முழு வரலாறு தெரியாது; இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் அறிஞர்கள் பொருள் கண்டுள்ளனர். சரித்திரம் பயிலும் மாணவர் எந்தப் பிளவைப் பற்றிப் படித்தாலும் இந்த முறையையே கைக்கொள்ள வேண்டும். இரு சாராரின் ஏட்டையும் எடுத்துப் படியுங்கள். கொள்கையைக் கேளுங்கள், அத்துடன் மொழியையும் அதிகாரத்தையும் பற்றிக் கேளுங்கள். அரபு, பகலவி, எபிரேயம் என்று மூன்று எழுத்துக்களில் சாட்சியிட்டவர்கள் ஒரு கோயிலின் காவலுக்கு ஒன்றுகூடிய காலம் நம் நாட்டில் இருந்தது. கொடும்பாளூரில் விளங்கிய மணிக்கிராமம் என்னும் பெயரும் அந்தக் காவலர் வரிசையில் நிற்கிறது.